அவரவர் பை அவரவர் தோளில்

மாசி பிறந்துவிட்டால் போதும், காலை நடைக்கு வருகிற எங்கள் கூட்டத்தில் பேச்சு வெள்ளியங்கிரி பக்கம் திரும்பிவிடும். யார் யார் போகிறார்கள், எந்த நாளில் கூட்டம் குறைவு, போன தடவை யாருக்கு முட்டி பிடித்துக்கொண்டது என்று பேசிப் பேசியே, இரண்டு சுற்று நடந்து முடிப்பதற்குள் பாதி மலை ஏறி இறங்கிவிடுவோம்.

இந்த வருடம் முதல்முறையாகப் போகிற நண்பர் ஒருவர், அறுபத்து மூன்று வயதுக்காரர், செல்போனை என் முன்னால் நீட்டினார். ஆறாயிரம் ரூபாயில் ஒரு ஷூ, நாலாயிரம் ரூபாயில் ஒரு பை. "வாங்கலாமுங்களா?" என்றார்.

"பை நல்லாத்தான் இருக்குது. அதுக்குள்ள என்னங்க வெக்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் பையன் பாத்துக்குவானுங்க. பையையும் அவனே தூக்கிக்கறேன்னு சொல்லிட்டான். நாம கையை வீசிட்டுப் போனா போதும்" என்றார்.

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் பத்து வருடத்துக்கு முன்னால் நானும் இதே போலக் கையை வீசிக்கொண்டு போனவன்.

அப்போது நாங்கள் ஐந்து பேர். நான், என் மனைவியின் அண்ணன், என் அண்ணன் மகன், அவனுடைய நண்பர்கள் இரண்டு பேர். பூண்டி அடிவாரத்தில் சாமி கும்பிட்டுவிட்டு, ஆளுக்கொரு மூங்கில் தடி வாங்கிக்கொண்டு, இரவு ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். மச்சானுக்குச் சர்க்கரை உண்டு. சாயங்கால மாத்திரையைப் போட்டுவிட்டார். வயிறு நிறையச் சாப்பிட்டால் ஏற முடியாது என்று இரண்டே இட்லியோடு நிறுத்திக்கொண்டார். அண்ணன் மகன், "சித்தப்பா, பையெல்லாம் குடுங்க, நாங்க எடுத்துக்கறோம். நீங்க ரெண்டு பேரும் சும்மா வாங்க" என்று எல்லாவற்றையும் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். பாசத்தில் சொன்னதுதான். நாங்களும் பெருமையாகக் கொடுத்துவிட்டோம்.

கம்பளி, பிஸ்கட், குளுக்கோஸ் பொட்டலம், தண்ணீர், டார்ச், மாத்திரை எல்லாம் அந்தப் பைகளில். எங்கள் சட்டைப் பையில் செல்போன், இரண்டாயிரம் ரூபாய் பணம். கையில் தடி.

வெள்ளை விநாயகர் கோவில் வரை ஒன்றாகத்தான் போனோம். அதற்குப் பிறகு இளம் கால்களும் எங்கள் கால்களும் எப்படி ஒன்றாகப் போகும்? "மேல உக்காந்திருக்கோம், மெதுவா வாங்க" என்று சொல்லிச் சொல்லி முன்னால் போனார்கள். நாலாவது மலைக்குப் பிறகு கூட்டத்தில் அவர்களைக் காணவில்லை. போனில் சிக்னலும் இல்லை.

ஆறாவது மலை தாண்டியபோது மணி மூன்று இருக்கும். காற்று ஆளைத் தள்ளியது. ஏறும்போது வேர்த்து நனைந்த சட்டை, உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் ஐஸ் போல முதுகில் ஒட்டிக்கொண்டது. மச்சான் ஒரு பாறை ஓரமாக உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கை நடுங்கியது. அந்தக் குளிரிலும் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. "மாப்பிள்ளை, நம்ம வண்டிய எங்க நிறுத்துனோம்?" என்று கேட்டார். எங்கே இருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

சர்க்கரை இறங்கிவிட்டது என்று எனக்குப் புரிந்தது. என்ன கொடுக்க வேண்டும் என்பதும் தெரியும். கையில்தான் ஒன்றும் இல்லை. இரண்டாயிரம் ரூபாயை வைத்துக்கொண்டு, ஒரு வெல்லக்கட்டிக்காக இருட்டில் போகிறவர் வருகிறவர் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேலேயிருந்து இறங்கி வந்த பெரியவர் ஒருவர் நின்றார். எழுபது வயதாவது இருக்கும். வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் ஒரு மஞ்சப்பை. நான் சொல்லி முடிப்பதற்குள் பையிலிருந்து நாட்டுச் சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்து, தண்ணீரில் கலக்கி, மச்சானை நேராக உட்காரவைத்துக் குடிக்கச் செய்தார். தன் கம்பளியை எடுத்துப் போர்த்திவிட்டார். கால்மணி நேரத்தில் மச்சான் தெளிந்து, "என்ன ஆச்சு?" என்றார். பெரியவர் இரண்டு பிஸ்கட்டையும் தின்னக் கொடுத்துவிட்டு, விடிகிற வரைக்கும் எங்களோடேயே உட்கார்ந்திருந்தார். பணம் நீட்டினேன், வாங்கவில்லை. "அடுத்த தடவை வர்றப்ப அவங்கவங்க பையை அவங்கவங்க தூக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

விடிந்த பிறகு பையன்கள் பதறிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் சுமையைத் தூக்கினார்கள், அவ்வளவுதான். எங்கள் உயிர்ப் பொருளைக் கொடுத்தனுப்பியது நாங்கள்.

அதனால் மலை ஏறுவதற்கு என்ன வாங்க வேண்டும் என்று யார் கேட்டாலும் முதலில் நான் சொல்வது இதுதான்: உங்கள் உயிருக்குத் தேவையானது உங்கள் உடம்போடு இருக்க வேண்டும். கூடாரம், சமையல் பாத்திரம், பூஜைச் சாமான் ஆகியவற்றை யார் வேண்டுமானாலும் தூக்கட்டும். தண்ணீர், வெளிச்சம், கதகதப்பு, மருந்து, இனிப்பு இந்த ஐந்தையும் இன்னொருவர் தோளில் ஏற்றாதீர்கள். மகன் தோளானாலும் சரி.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. சபரிமலை இருமுடியை நினைத்துப் பாருங்கள். முன்முடியில் ஐயப்பனுக்கு உரிய நெய்த்தேங்காய் முதலான பொருட்கள். பின்முடியில் சாமிமார் தன் வழிச் செலவுக்குக் கொண்டுபோகும் அரிசி பருப்பு. காட்டு வழியில் நாள்கணக்கில் நடந்த காலத்தில் பின்முடிதான் சோறு போட்டது. இன்றைக்கும் இருமுடியை அவரவர் தலையில்தான் வைத்துக்கொள்கிறோம். சாமிக்குக் கொண்டுபோவதும் தனக்குக் கொண்டுபோவதும் ஒரே மூட்டையில் இருப்பதில் நம் முன்னோர் ஒரு குறையும் காணவில்லை. "சாமி பாத்துக்குவான், மூட்டை எதுக்கு?" என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் இது. சாமி அந்த மஞ்சப்பைப் பெரியவரை அனுப்பினான் என்றே நானும் நம்புகிறேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் அனுப்பச் சொல்லிக் கேட்பது நியாயமில்லை.

மலையேறுகிறவர்கள் உலகம் முழுவதும் 'பத்து அவசியப் பொருட்கள்' என்று ஒரு பட்டியலைச் சொல்வார்கள். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் 1906-இல் தொடங்கிய 'மவுண்டனீர்ஸ்' என்ற மலையேற்றச் சங்கம், 1930-களில் புதியவர்களுக்குப் பாடம் நடத்தும்போது உருவாக்கியது. வரைபடம், திசைகாட்டி, கறுப்புக் கண்ணாடியும் வெயில் களிம்பும், கூடுதல் துணி, டார்ச், முதலுதவிப் பொருட்கள், தீ மூட்டும் பொருள், தீப்பெட்டி, கத்தி, கூடுதல் உணவு. பழைய பட்டியல் இவ்வளவுதான். நன்றாகப் பாருங்கள், இதில் தண்ணீரே இல்லை. பிற்பாடு திருத்திய பட்டியலில்தான் சேர்த்தார்கள்.

அவர்கள் மலைக்கு அது பொருந்தும். நம் மலைக்கு நாம்தான் பட்டியல் போட வேண்டும். நம் ஊரில் முதல் பொருள் தண்ணீர். அந்தப் பட்டியலில் இருக்கிற தீப்பெட்டியோ நம் பையில் இருக்கவே கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்ததை மறக்க முடியுமா? மாசி, பங்குனியில் நம் காட்டுப்புல் காய்ந்த வைக்கோல். ஒரு பீடி நெருப்பு போதும்.

இனி என் பையில் இருப்பதைச் சொல்கிறேன். வெள்ளியங்கிரி, பர்வதமலை, சதுரகிரி போல ஒரே நாளில் ஏறி இறங்குகிற மலைகளுக்கான கணக்கு இது.

தண்ணீர். ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர் என்பது மலை ஏறுகிறவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. நான் இரண்டு லிட்டர் எடுத்துக்கொள்வேன். வெள்ளியங்கிரியில் பாம்பாட்டி சுனை, கைதட்டி சுனை, ஆண்டி சுனை என்று வழியில் சுனைகள் உண்டு. அங்கே நிரப்பிக்கொள்ளலாம். ஆனாலும் கோடையில் சுனை எவ்வளவு ஓடும் என்று நாம் எழுதி வாங்கிக்கொண்டா வந்தோம்? கூடவே இரண்டு உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம். பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தலை தட்டி அளக்க வேண்டும். உப்பு கூடிவிடக் கூடாது. இதயம், சிறுநீரகம் காரணமாகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால், கிளம்பும் முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் பதில் எவர்சில்வர் பாட்டில். அடிவாரத்தில் வனத்துறையினர் பையைச் சோதிக்கும்போது உங்களுக்கும் வேலை மிச்சம்.

வெளிச்சம். செல்போன் டார்ச்சை நம்பாதீர்கள். ஒரு கையில் தடி, இன்னொரு கையில் போன் என்றால் விழும்போது ஊன்றக் கை ஏது? தலையில் மாட்டுகிற டார்ச் இப்போது சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ஒரு ஜோடி மாற்று பேட்டரியும் வேண்டும். பகலில் ஏறி இறங்கிவிடலாம் என்று கிளம்பினாலும் டார்ச் பையில் இருக்கட்டும். முட்டி பிடித்துக்கொண்டால் நாலு மணி இறக்கம் ஏழு மணி ஆகும். காட்டில் இருட்டு சீக்கிரம் விழும். பூண்டிப் பக்கம் யானை நடமாடும் காடு என்பதையும் மறக்கக் கூடாது.

கதகதப்பு. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். வெள்ளியங்கிரி உச்சி சுமார் ஆறாயிரம் அடி. கோவையில் விசிறியோடு படுத்திருந்தவர் அன்றே பின்னிரவில் அங்கே நடுங்குவார். அதிலும் நம்மைக் கவிழ்ப்பது நனைந்த பருத்தித் துணியும் காற்றும்தான். ஒரு மாற்றுப் பனியன், ஒரு ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா, மெல்லிய மழைக்கோட்டு. மழைக்கோட்டு காற்றையும் தடுக்கும். ஓய்வெடுக்க உட்கார்ந்தவுடன் முதல் வேலையாக நனைந்த பனியனை மாற்றுங்கள். நடுக்கம் வந்தபிறகு மாற்றுவோம் என்றிருந்தால் விரல் பொத்தானைப் பிடிக்காது.

மருந்து. அன்றைக்கு வேண்டிய மாத்திரையோடு, மறுநாளைக்கு வேண்டியதும். நெஞ்சுவலிக்கு என்று டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை இருந்தால் அது பையில் வேண்டாம், சட்டைப் பையில். முட்டிக்கு ஒரு உறை, சுளுக்குக்குச் சுற்றுகிற கட்டுத்துணி, காயத்துக்குப் பிளாஸ்திரி. சர்க்கரைக்காரர்கள் ஒன்று செய்ய வேண்டும். மலை ஏறும் நாளில் மாத்திரையோ ஊசியோ எவ்வளவு என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். வழக்கமான மருந்து, குறைந்த சாப்பாடு, வழக்கமில்லாத உழைப்பு. மச்சானைக் கீழே தள்ளியது இந்த மூன்றும் சேர்ந்துதான்.

இனிப்பு. குளுக்கோஸ் பொட்டலமோ நாட்டுச் சர்க்கரையோ, பத்துப் பொட்டலமாகக் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை இறங்கினால் மூன்று டீஸ்பூன் அளவு கொடுத்து, கால்மணி நேரம் பொறுத்துப் பார்த்து, தேவையானால் மறுபடி கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. கடலைமிட்டாய், பேரீச்சம்பழம் எல்லாம் மெதுவாக வேலை செய்யும். வழிநடைப் பசிக்கு அவை நல்லது. குரங்குகளுக்கும் அது தெரியும், பைக்குள்ளேயே இருக்கட்டும்.

இந்த ஐந்துக்கும் அப்பால் சில சின்னப் பொருட்கள். ஒரு விசில். காற்றடிக்கும் மலையில் நம் தொண்டை பத்தடி தாண்டாது. ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு முறை ஊதினால் ஆபத்து என்று பொருள். கேட்டவர் மூன்று முறை ஊதிப் பதில் சொல்வார். பல நாடுகளில் மலைக்காரர்கள் வைத்திருக்கும் வழக்கம் இது. நம் கூட்டத்துக்கும் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும்.

அடுத்தது ஒரு துண்டுக் காகிதம். பெயர், வயது, ரத்த வகை, என்ன வியாதி, என்ன மாத்திரை, வீட்டில் யாரைக் கூப்பிட வேண்டும், அவர்கள் நம்பர். நம்மைத் தூக்குகிறவர் முன்பின் தெரியாதவராக இருப்பார். போன் பூட்டியிருக்கும். காகிதம் பேசும். சிக்னல் இல்லாத இடத்தில் போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டால் பேட்டரி மிஞ்சும்.

தடி வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை, அடிவாரத்திலேயே கிடைக்கிறது. ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் அதன் அருமை தெரியும். ஷூ வாங்குகிறவர்கள் ஒரு மாதம் முன்பே வாங்கி, அதைப் போட்டுக்கொண்டே காலை நடை நடங்கள். புது ஷூவோடு மலைக்குப் போவதும் கொப்புளத்தை விலை கொடுத்து வாங்குவதும் ஒன்றுதான். வெறுங்காலோடு ஏறுவதாக வேண்டுதல் உள்ளவர்கள் அப்படியே ஏறுங்கள். இறக்கத்துக்கு ஒரு ஜோடி செருப்பு பையில் கிடக்கட்டும், பாறை சுடும் நேரம் அது.

மொத்தம் எவ்வளவு கனம்? நான் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் இரண்டு கிலோ, துணிமணி ஒரு கிலோ, மற்றதெல்லாம் சேர்ந்து ஒரு கிலோகூட வராது. நாலு கிலோவுக்குள் முடிந்துவிடும். ஒருநாள் நடைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை சுமக்கலாம் என்பார்கள். அறுபத்தைந்து கிலோ ஆளுக்கு ஆறரைக் கிலோ. அதற்கும் குறைவுதான் இது. குடிக்கக் குடிக்க இன்னும் குறையும்.

"அந்த நாலு கிலோவையும் தூக்க முடியலைங்களே?" என்று கேட்டால், என் பதில் கொஞ்சம் கசக்கும். சமதளத்தில் நாலு கிலோவைத் தோளில் போட்டு இரண்டு மணி நேரம் நடக்க முடியாதவர், ஏழு மலை ஏறுவதைப் பற்றி மறுபடி யோசிக்க வேண்டும். பையே நமக்கு ஒரு பரீட்சை. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து அந்தப் பையோடு நடந்து பாருங்கள். உடம்பு சொல்லிவிடும். 2024-ஆம் ஆண்டுப் பருவத்தில் வெள்ளியங்கிரி ஏறப் போன பக்தர்கள் சிலர் வழியிலேயே உயிர்விட்ட செய்திகளை எல்லோரும் படித்தோம். இதயக் கோளாறு, மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை சொல்கிறது. அவர்களுக்கு எந்தப் பையும் பதில் ஆகாது. அடிவாரத்திலும் அதே ஈசன்தான் இருக்கிறான்.

கடைசியாக, எடையே இல்லாத இரண்டு பொருட்கள். ஒன்று, வீட்டில் சொல்லிவிட்டுப் போவது. எந்த மலை, எந்த வழி, யாரோடு, எத்தனை மணிக்குள் இறங்கிக் கூப்பிடுவேன் என்று எழுதி வைத்துவிட்டுப் போங்கள். அனுமதி இல்லாத மலைக்கு, அனுமதி இல்லாத காலத்தில் போகாதீர்கள். இரண்டாவது, திரும்பும் நேரம். இத்தனை மணிக்குள் உச்சி வராவிட்டால் இருக்கிற இடத்திலிருந்தே கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவேன் என்று கீழேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். மேலே போனபிறகு ஆசை நம்மை முடிவு செய்யவிடாது.

இவ்வளவையும் அந்த நண்பரிடம் சொல்லி முடித்தபோது மூன்று சுற்று ஆகிவிட்டது. "அப்ப அந்த நாலாயிரம் ரூவா பை?" என்றார். "வாங்கிக்குங்க. நீங்க தூக்கறதா இருந்தா" என்றேன். மறுநாள் காலையில் பார்த்தால், பேரன் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போன பழைய பையில் இரண்டு தண்ணீர் பாட்டிலைப் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு நடக்க வந்திருந்தார். அந்தப் பையே போதும்.

மச்சான் அதற்குப் பிறகு மலை ஏறவில்லை. ஆனால் ஒரு கல்யாண வீட்டுக்கு டவுன் பஸ்ஸில் போனால்கூட அவர் சட்டைப் பையில் ஒரு சர்க்கரைப் பொட்டலம் இருக்கும். போன மாதம் ஒரு விசேஷத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்குத் தலை சுற்றியபோது அந்தப் பொட்டலம்தான் உதவியது. மஞ்சப்பைப் பெரியவர் யார், எந்த ஊர் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அவருக்குப் பட்ட கடன் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக அடைகிறது.